கல்லாக விலைபோக இருந்த ஒரு கிராமம்

கிராமம் அழிவது ஒரே நாளில் நடப்பதன்று. முதலில் விளைச்சல் குன்றுகிறது. அடுத்து இளைஞர் பிழைப்பு நாடி நகரங்களுக்குச் செல்கின்றனர். பூட்டிய வீட்டின் கூரையில் நீர் இறங்குகிறது. சில ஆண்டுகளில் கூரை சரிகிறது. சரிந்த வீட்டின் கல்லை யாரோ ஒருவர் விலை பேசி வண்டியில் ஏற்றிச் செல்கிறார். இவ்வாறு தன் சுவர்களைத் தானே விற்கத் தொடங்கிய ஒரு கிராமம், இடையில் நின்று ஆலோசித்து, மீண்டும் தலைநிமிர்ந்த வரலாறு பிரான்சு தேசத்தில் உண்டு. அக்கிராமத்தின் பெயர் கொலோன்ஜ்-லா-ரூஜ். ஏறத்தாழ ஐந்நூறு பேரே வாழும் சிற்றூர் அது.

அவ்வளவு தொலைவில் உள்ள ஓர் ஊரின் கதை பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் எதற்கு என்னும் வினா எழலாம். ஊரின் பழமையைக் காப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு, அல்லது மேலிடத்து அரசாங்கத்தின் வேலை என்னும் எண்ணம் பலரிடமும் இருக்கிறது. அவ்வாறன்று, அது ஊர் மன்றத்தின் கடமைகளுள் ஒன்று. முறையாகச் செய்தால் ஊரின் பிழைப்புக்கும் அது உதவும் என்பதை இவ்வூரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வழியில் நேரும் இடர்களையும் அது மறைக்கவில்லை. ஆதலின் அதனை முறையாக அறிந்துகொள்ளுதல் நலம்.

ஊரும் மண்ணும்

பிரான்சின் தென்மேற்கில், நடு மலைநாட்டின் ஓரமாக, கொரேஸ் என்னும் மாவட்டம் அமைந்துள்ளது. அம்மாவட்டத்தின் பெரிய நகரமான பிரீவுக்குத் தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் கொலோன்ஜ் இருக்கிறது. ‘ரூஜ்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிவப்பு என்பது பொருள். ஊரின் வீடுகள், கோபுரங்கள், மதில், மாதாகோயில் ஆகிய அனைத்தும் செந்நிற மணற்கல்லால் கட்டப்பட்டவை. கல்லில் கலந்துள்ள இரும்புத் துருவே அந்நிறத்துக்குக் காரணம்.

நிலவியல் நோக்கிலும் இவ்விடம் கவனிக்கத்தக்கது. அண்டை ஊரான மெய்சாக்கின் பெயரால் அழைக்கப்படும் ஒரு நிலப்பிளவு இவ்வட்டாரத்தின் ஊடே செல்கிறது. அதன் ஒரு பக்கத்தில் செம்மணற்கல் கிடைக்கிறது; மறுபக்கத்தில் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் பரந்துள்ளது. ஊர்க் கோயிலின் வாயிலுக்கு மேலுள்ள அரைவட்டச் சிற்பம் வெண்கல்லாலும் அதனைச் சூழ்ந்த சுவர் செங்கல் நிறமுடைய மணற்கல்லாலும் அமைந்திருப்பதைக் காண்போர், இவ்விரு நிலங்களையும் ஒரே இடத்தில் கண்டவராவர். காலடியில் கிடைத்த கல்லைக் கொண்டே இவ்வூரார் கட்டினர். கட்டடக் கலையில் இவ்வூர் பெற்ற தனிச் சிறப்புக்கு அதுவே அடிப்படை.

திராட்சை, அக்ரூட், தானியம், கால்நடை ஆகியவை இப்பகுதி உழவரின் பழைய செல்வங்கள். அக்ரூட் கொட்டையிலிருந்து ஆட்டியெடுக்கும் எண்ணெய் இவ்வட்டாரச் சமையலில் இன்றும் சிறப்பிடம் பெறுகிறது. கொரேஸ் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய பெரிகோர் வட்டார அக்ரூட்டுக்கு, விளையும் இடத்தைக் குறிக்கும் சட்டப்பூர்வமான பெயருரிமை 2002ஆம் ஆண்டில் கிடைத்தது.

உழவர் குடியிருப்பாகத் தோன்றிய ஊர்

கொலோன்ஜ் என்னும் பெயர் இலத்தீன் மொழியில் குடியானவன் பயிரிடும் நிலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பெயரிலேயே உழவு இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் ஷாரூ என்னும் இடத்து மடத்தைச் சேர்ந்த துறவிகள் இங்கு ஒரு கிளை மடத்தை நிறுவினர். மடத்தைச் சுற்றி உழவரும் கைவினைஞரும் வணிகரும் குடியேறினர். ரொக்கமடூர் என்னும் திருத்தலத்துக்கும், அதற்கப்பால் இசுப்பானிய தேசத்துக் கொம்பொஸ்தேலாவுக்கும் யாத்திரை சென்றோர் இவ்வழியே வந்தமையால் ஊரில் கொடுக்கல் வாங்கல் பெருகியது.

மாதாகோயில் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்டது. அதன் மணிக்கூண்டு கீழே சதுரமாகவும் மேலே எண்கோணமாகவும் எழும் லிமூசேன் வட்டாரப் பாணியைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் சமயப் போர்கள் மூண்டபோது அக்கோயிலுக்கே கோட்டைபோல் அரண் அமைத்தனர். கோயிலினுள் இரண்டு நீண்ட மண்டபங்கள் இணைந்துள்ளன. கத்தோலிக்கர் ஒன்றிலும் புராட்டஸ்டண்டுகள் மற்றொன்றிலுமாக ஒரே கூரையின் கீழ் வழிபட்டனர் என்று ஊர் வரலாறு கூறும். நாடெங்கும் இரத்தம் சிந்திய காலத்தில் ஓர் ஊர் தன் வழிபாட்டிடத்தைப் பகிர்ந்துகொண்டதாகச் சொல்லப்படும் இச்செய்தியை இன்றும் ஊரார் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர்.

உரிமைச் சாசனமும் வரி விலக்கும்

கொலோன்ஜ், துரேன் என்னும் சிற்றரசைச் சேர்ந்த ஊர். 1308ஆம் ஆண்டில் துரேன் சிற்றரசர் இவ்வூருக்கு உரிமைச் சாசனம் ஒன்று வழங்கினார். அதனால் ஊரார் சில சுதந்திரங்களைப் பெற்றனர். எழுத்தில் பெற்ற உரிமையே நிலைக்கும் என்பதை அக்காலத்துக் கிராம மக்களும் அறிந்திருந்தனர்.

துரேன் சிற்றரசின் நிலைமை விந்தையானது. அது பிரான்சு நாட்டினுள் இருந்தபோதிலும் ஏறக்குறைய ஒரு தனி நாடாகவே நடந்துவந்தது. அதற்கெனத் தனிச் சபை கூடியது. மன்னருக்குரிய வரிகள் அங்கு விதிக்கப்படவில்லை. அண்டை நிலத்து உழவன் அரச வரியால் நலிந்தபோது, துரேன் எல்லைக்குள் இருந்தவன் ஓரளவு மூச்சு விட முடிந்தது. இவ்வரி விலக்கே இப்பகுதியின் செழிப்புக்குப் பெருங் காரணமாயிற்று.

சிற்றரசரின் நிர்வாக அதிகாரிகள், நீதிபதிகள், வழக்குரைஞர் முதலானோர் கொலோன்ஜை விரும்பித் தங்கள் மாளிகைகளை அங்கே கட்டிக்கொண்டனர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த அம்மாளிகைகளே இன்று ஊரின் அணிகலன்கள். 1583ஆம் ஆண்டைச் சேர்ந்த வசினியாக் மாளிகை, சுவரில் கடற்கன்னி உருவம் செதுக்கிய வீடு ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. படிக்கட்டுகளை உள்ளடக்கிய சிறு கோபுரங்கள் வீடுதோறும் எழுந்து நிற்பதால், இதனை இருபத்தைந்து கோபுர ஊர் என்றும் அழைப்பர். மாளிகைகளைச் சூழ்ந்து குடியானவர் வீடுகளும் உள்ளன. அவற்றின் கீழ்த்தளம் திராட்சை மதுவும் விளைபொருளும் வைக்கும் அறை, மேல்தளம் குடியிருப்பு. கூரைகளில் மெல்லிய கற்பலகைகளை அடுக்கி வேய்ந்தனர்.

1738ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. கடன்பட்டிருந்த துரேன் சிற்றரசர் தம் நாட்டை 42 இலட்சம் லீவர் விலைக்கு மன்னர் பதினைந்தாம் லூயிக்கு விற்றுவிட்டார். உழவரை யாரும் கலந்துகொள்ளவில்லை. பல நூற்றாண்டுகளாக இருந்துவந்த வரி விலக்கு அத்துடன் முடிவுற்றது; மன்னரின் வரிச்சுமை முழுவதும் இவர்கள்மேல் ஏறியது. அதிகாரிகளுக்கு இனி இவ்வூரில் வேலையில்லை. ஊரின் செழிப்பு மெல்லக் குன்றத் தொடங்கியது. மேலே உள்ள ஒருவரின் சலுகையால் வளர்ந்த ஊர், அவர் கைவிட்டதும் தளர்ந்தது. இதனை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

பொதுச் சந்தையும் பொது அடுப்பும்

ஊரின் நடுவில், கல் தூண்களும் மர உத்திரங்களும் தாங்கும் திறந்த மண்டபம் ஒன்று இருக்கிறது. தானியமும் மதுவும் விற்கும் சந்தை அது. அதன் ஒரு புறத்தில் ரொட்டி சுடும் பெரிய அடுப்பு உள்ளது. பழங்காலப் பிரான்சில் இத்தகைய அடுப்பு நிலப்பிரபுவின் உடைமை. குடியானவர்கள் தம் ரொட்டியை அதிலேயே சுட வேண்டும். அதற்குக் கட்டணமும் செலுத்த வேண்டும். வீட்டில் தனி அடுப்பு வைத்துக்கொள்ள உரிமை இல்லை. ஆலைக்கும் திராட்சை பிழியும் செக்குக்கும் இதே விதி இருந்தது.

1789ஆம் ஆண்டில் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சி இக்கட்டாய உரிமைகளை ஒழித்தது. கொலோன்ஜின் அடுப்போ ஒழிக்கப்படவில்லை. ஒரு காலத்தில் அடிமைத்தனத்தின் சின்னமாக இருந்தது, பின்னர் ஊரின் பொதுச்சொத்து ஆயிற்று. இன்றும் ஆண்டுக்கொரு முறை ரொட்டித் திருவிழாவின்போது அவ்வடுப்பில் விறகு மூட்டி ரொட்டி சுடுகின்றனர். பழைய பொருளைக் காப்பது பழைய அநீதியைக் காப்பதாகாது என்பதற்கு இவ்வடுப்பே சான்று.

பிரெஞ்சுக் கிராம மன்றம்

அப்புரட்சியே பிரான்சின் கிராம ஆட்சிக்கும் வித்திட்டது. 1789 டிசம்பர் 14ஆம் நாள் இயற்றிய சட்டத்தால் நாடெங்கும் உள்ள ஒவ்வோர் ஊரும் தனக்கெனத் தேர்ந்தெடுத்த மன்றத்தைப் பெற்றது. 1884 ஏப்ரல் 5ஆம் நாள் சட்டம் அம்மன்றங்களின் அதிகாரங்களை ஒழுங்குபடுத்தியது. இன்று பிரான்சில் சுமார் 35,000 ஊர் மன்றங்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறையப் பாதி ஐந்நூறு பேருக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களுக்குரியவை.

நூறு முதல் 499 பேர் வரை வாழும் ஊருக்கு 11 உறுப்பினர்கள்; 500 முதல் 1,499 பேர் வரை வாழும் ஊருக்கு 15 உறுப்பினர்கள். உறுப்பினர்கள் தம்முள் ஒருவரைத் தலைவராகத் தெரிவு செய்வர். பெருநகரத் தலைவரைப் போலவே சிற்றூர்த் தலைவரையும் ‘மேயர்’ என்றே அழைப்பது அந்நாட்டு வழக்கம். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவதும், ஊர்ப் பாதைகளைப் பேணுவதும், தொடக்கப்பள்ளிக் கட்டடத்தைப் பராமரிப்பதும் அவர்தம் பணிகளுள் அடங்கும். 1905ஆம் ஆண்டில் அரசும் சமயமும் வேறாகப் பிரிக்கப்பட்ட பின்னர், அதற்கு முன் கட்டிய மாதாகோயில்கள் பெரும்பாலும் ஊர் மன்றத்தின் உடைமையாகவே உள்ளன. ஆகவே எண்ணூறு ஆண்டுப் பழமையுள்ள கோயிலின் கூரை ஒழுகினால், பதினொரு பேர் கொண்ட ஒரு சிறு மன்றமே முதலில் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

ஊரின் வரலாற்றை எழுத உதவும் ஆவணங்களும் இம்மன்றங்களின் காப்பிலும் மாவட்ட ஆவணக் களரியிலும் உள்ளன. 1539ஆம் ஆண்டின் அரசாணைப்படி பங்குக் குருமார் ஞானஸ்நானப் பதிவேடு வைக்கத் தொடங்கினர். 1792 முதல் அப்பதிவு ஊர் மன்றத்தின் பொறுப்பாயிற்று. 1807ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நிலத்தையும் அளந்து வரைபடம் வரைந்தனர். இவற்றைக் கொண்டு ஒரு சாதாரண உழவர் குடும்பத்தின் பரம்பரையையும், ஒரு வயலின் கை மாறிய வரலாற்றையும் அறிய முடிகிறது. கல்லைப் போலவே காகிதமும் ஊரின் செல்வமே.

தேய்ந்த காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொடியதொரு இடர் நேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்சரா என்னும் நுண்ணிய பூச்சி திராட்சைக் கொடிகளின் வேரைத் தாக்கியது. 1860களில் தென் பிரான்சில் காணப்பட்ட இந்நோய் நாடு முழுவதும் பரவி, கொரேஸ் மாவட்டத்துத் தோட்டங்களையும் அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் உள்நாட்டுக் கொடியை ஒட்டுக் கட்டுவதே இதற்குத் தீர்வு என்று பின்னர் கண்டனர். ஆனால் புதிதாக நட்டு, ஒட்டுக் கட்டி, காய்ப்புக்குக் காத்திருக்கப் பணமும் காலமும் வேண்டும். சிறு உழவர் பலருக்கு அவ்விரண்டும் இல்லை.

இரயில் பாதைகள் வந்த பின் நகரங்களுக்குச் செல்வது எளிதாயிற்று. கொலோன்ஜிலிருந்தும் மக்கள் வெளியேறினர். 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போர் பிரான்சின் சுமார் 14 இலட்சம் வீரர்களைப் பலிகொண்டது. அவர்களுள் மிகப் பலர் உழவர் குடும்பத்து இளைஞர். ஏறக்குறைய எல்லாப் பிரெஞ்சுக் கிராமங்களிலும் இன்று காணப்படும் போர் நினைவுத் தூணில் பொறித்துள்ள பெயர்களை எண்ணினால், எத்தனை ஏர்கள் நின்றுபோயின என்பது விளங்கும்.

இத்தகைய காலத்திலேதான் கொலோன்ஜ் தன் கல்லை விற்கத் தொடங்கியது. ஆளில்லாத மாளிகைகளை இடித்து, செதுக்கிய நிலைகளையும் தூண்களையும் கட்டடக் கல்லையும் வெளியூராருக்கு விற்றனர். ஊரே ஒரு கற்சுரங்கமாக மாறியது. விற்றவரை இகழ்வது எளிது. ஆயினும் அவர்தம் நிலையையும் எண்ண வேண்டும். கூரையைப் பழுதுபார்க்கப் பணமில்லை, குடியிருக்க ஆளில்லை, நின்றுகொண்டிருக்கும் வீட்டால் வருமானம் ஒன்றுமில்லை, இடித்தால் உடனே காசு கிடைக்கிறது. இந்நிலையில் உள்ள ஒரு குடும்பத்திடம் பழமையின் பெருமையைப் பற்றிப் பேசிப் பயனென்ன? கிராம மரபைக் காக்க விரும்புவோர் அனைவரும் விடை காண வேண்டிய வினா இதுவே.

ஊராரே கூடினர்

விடையின் முதற்பகுதி ஊருக்குள்ளிருந்தே வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊராரும் ஊரை நேசித்தோரும் சேர்ந்து ‘கொலோன்ஜின் நண்பர்கள்’ என்னும் சங்கத்தை அமைத்தனர். 1901ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் இத்தகைய அமைப்புகளை எவரும் எளிதில் தொடங்க வழி வகுத்திருந்தது. இடிப்பதை நிறுத்துமாறு அண்டை வீட்டாரிடம் எடுத்துரைப்பதும், எஞ்சியுள்ளவற்றின் சிறப்பை அரசாங்கத்துக்கு உணர்த்துவதும் அவர்தம் வேலையாயின. கோயில் வாயிலின் வெண்கற் சிற்பம் சமயப் போர்க் காலத்தில் பெயர்க்கப்பட்டு வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1923ஆம் ஆண்டில் அதனை மீண்டும் வாயிலின்மேல் அமைத்தனர். சிதறிய ஒரு பொருள் தன்னிடத்துக்குத் திரும்பியது ஊராரின் மனத்துக்கும் ஊக்கமளித்திருக்கும்.

அரசாங்கத்தின் சட்டங்களும் துணை நின்றன. 1913ஆம் ஆண்டுச் சட்டம் தனிச் சின்னங்களுக்கும், 1930ஆம் ஆண்டுச் சட்டம் இயற்கையழகும் வரலாற்றுச் சிறப்பும் உள்ள இடங்களுக்கும் காப்பளித்தன. 1942ஆம் ஆண்டில், நாட்டின் வடபாதி அந்நியர் பிடியில் இருந்த துயரக் காலத்தில், கொலோன்ஜ் ஊர் முழுவதும் சட்டப் பாதுகாப்பைப் பெற்றது. அது முதல் மாளிகையோடு குடியானவர் வீடும், கோபுரத்தோடு சந்தை மண்டபமும் ஒன்றாகப் போற்றப்பட்டன.

ஆனால் சட்டம் இடிப்பதைத் தடுக்கலாம். கூரை வேயப் பணம் கொடுப்பதில்லை. பூட்டிய வீட்டுக்கு ஆளைக் கொண்டுவருவதுமில்லை. விடையின் இரண்டாம் பகுதிக்கு மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

ஒரு மேயரின் கடிதங்கள்

ஷார்ல் செராக் என்பவர் அப்போது கொலோன்ஜின் மேயராக இருந்தார். 1981ஆம் ஆண்டில் பிரான்சின் மிக அழகிய கிராமங்களைப் பற்றிய படநூல் ஒன்று வெளிவந்தது. அதில் தம் ஊரின் படத்தையும் கண்ட செராக், படத்தைப் பார்த்து மகிழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. அந்நூலில் இடம்பெற்ற மற்ற ஊர்களின் மேயர்களுக்கும் எழுதினார். தனித்தனியே நலியும் சிற்றூர்கள் ஒன்றுசேர்ந்தால் ஒருவருக்கொருவர் துணையாகலாம் என்பது அவர் கருத்து. 66 மேயர்கள் அவருடன் இணைந்தனர். 1982 மார்ச் 6ஆம் நாள் சாலேர் என்னும் ஊரில் ‘பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்’ என்னும் சங்கம் நிறுவப்பெற்றது.

இச்சங்கத்தில் சேர விரும்பும் ஊருக்குச் சில நிபந்தனைகள் உண்டு. மக்கள்தொகை 2,000க்கு மேற்படலாகாது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற சின்னங்கள் அல்லது இடங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஊர் மன்றம் கூடித் தீர்மானம் நிறைவேற்றியே விண்ணப்பிக்க வேண்டும். பின்னர் வல்லுநர் நேரில் வந்து, கட்டடங்களின் தரம், கம்பிகளும் விளம்பரப் பலகைகளும் கண்ணை உறுத்தாத நிலை, வாகனங்களை ஒழுங்குபடுத்தும் முறை முதலிய பலவற்றையும் ஆராய்வர். சேர்ந்த ஊரும் காலந்தோறும் மறு ஆய்வுக்கு உட்படும். தரம் தாழ்ந்தால் நீக்கப்படும். இன்று சுமார் 180 ஊர்கள் இச்சங்கத்தில் உள்ளன. இம்முறையைப் பின்பற்றி பெல்ஜியத்தின் வல்லோனியாவில் 1994ஆம் ஆண்டிலும், கனடாவின் கியூபெக்கில் 1998ஆம் ஆண்டிலும், இத்தாலியில் 2001ஆம் ஆண்டிலும், ஜப்பானில் 2005ஆம் ஆண்டிலும் சங்கங்கள் தோன்றின. ஐந்நூறு பேர் வாழும் ஊரின் தலைவர் எழுதிய கடிதங்களின் பயன் இவ்வளவு தூரம் சென்றது.

செராக் என்னும் பெயர் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. சென்னை இலயோலாக் கல்லூரியில் பணியாற்றியவரும், மானாமதுரை வட்டாரத்தின் வறண்ட நிலங்களில் ஆயிரம் கிணறு வெட்டும் திட்டத்தை மேற்கொண்டவருமான இயேசு சபைத் துறவி பியேர் செராக், இம்மேயரின் அண்ணனே ஆவார். கொலோன்ஜுக்கு அண்மையிலுள்ள மெய்சாக்கில் 1914ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1937ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். 2012ஆம் ஆண்டில் சென்னையில் காலமானார். ஒரே வீட்டில் பிறந்த இருவருள் ஒருவர் பிறந்த மண்ணின் கல்லைக் காத்தார். மற்றவர் நமது மண்ணில் நீர் தேடினார்.

வந்த நன்மையும் வந்த சிக்கலும்

சங்கத்தின் புகழால் கொலோன்ஜுக்கு ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் வருகின்றனர். உணவு விடுதிகளும், அக்ரூட் எண்ணெய், கடுகு, மது முதலிய வட்டார விளைபொருள் விற்கும் கடைகளும், கைவினைஞர் பட்டறைகளும் ஏற்பட்டன. இடித்து விற்றால் ஒரு முறை மட்டும் காசு தரும் சுவர், நின்றுகொண்டே ஆண்டுதோறும் வருமானம் தரலாயிற்று. முன்னர் எழுந்த வினாவுக்கு இதுவே விடை. மரபு என்பது பிழைப்போடு இணைந்தபோதுதான் குடும்பத் தலைவனின் கணக்குக்குள் இடம்பெற்றது.

எனினும் இதனுடன் கவலைகளும் வந்தன. ஐந்நூறு பேருக்கென அமைந்த தெருக்களில் கோடையில் பெருங் கூட்டம் நிரம்பும்போது அமைதி குலைகிறது. ஆதலின் பருவ காலத்தில் பழைய ஊரினுள் வாகனங்களை அனுமதிப்பதில்லை. வெளியே கட்டண நிறுத்துமிடங்கள் அமைத்துள்ளனர். வீட்டுக்காரர் தம் கூரையையும் சன்னலையும் விருப்பம்போல் மாற்ற இயலாது; அனுமதி பெற வேண்டும்; மலிவான பொருளுக்குப் பதிலாக விலை மிகுந்த கல்லைக் கொண்டே பழுதுபார்க்க வேண்டியிருக்கும். பாதுகாத்த கட்டடத்தைச் சுற்றி 500 மீட்டர் வரை கட்டட வேலைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் 1943ஆம் ஆண்டு முதல் பிரான்சில் உள்ளது. ஊரின் பொது நன்மைக்காகத் தனி மனிதன் தாங்கும் சுமை இது. அச்சுமையைப் பகிர்ந்துகொள்ள நன்கொடை திரட்டியும் பிற வகையிலும் உதவும் நிதியமைப்பு ஒன்று 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது.

இவற்றினும் பெரிய கவலை ஒன்றுண்டு. அழகிய ஊர்களில் வீட்டு விலை உயர்கிறது. நகரத்துச் செல்வர் விடுமுறைக்கென வாங்கும் வீடுகள் குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கின்றன. உள்ளூர் இளந்தம்பதியருக்கு வீடு கிடைப்பது அரிதாகிறது. சுவர் நிற்கிறது, உள்ளே அடுப்பு எரியவில்லை. காட்சிப்பொருளாக மட்டும் எஞ்சிய ஊர், உயிருள்ள ஊராகாது. ஆகவே பள்ளி, உழவு, நிரந்தரக் குடியிருப்பு ஆகியவற்றைக் காப்பதும் மரபைக் காப்பதன் பகுதியே என்பதைப் பிரெஞ்சுச் சிற்றூர்களின் மன்றங்கள் இன்று உணர்ந்துவருகின்றன.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

கொலோன்ஜின் வரலாற்றில் முறையே மூன்று படிகளைக் காண்கிறோம். முதலாவது, ஊராரே தம் உடைமையின் மதிப்பை உணர்ந்து சங்கமாகக் கூடியது. இரண்டாவது, சட்டத்தின் காப்பைக் கேட்டுப் பெற்றது. மூன்றாவது, மற்ற ஊர்களோடு சேர்ந்து பிழைப்புக்கு வழி தேடியது. இம்மூன்றில் எதனைத் தவிர்த்திருந்தாலும் ஊர் மீண்டிராது. முதற்படி இன்றி மற்ற இரண்டும் தோன்றியிரா.

மன்றக் கூட்டங்களிலும் படிப்பு வட்டங்களிலும் கீழ்க்கண்ட வினாக்களை எடுத்துக்கொண்டு விவாதித்தல் பயன் தரும்:

1. நமது ஊரின் பொதுவிடங்கள், பழைய கட்டடங்கள், நீர்நிலைகள், கல்வெட்டுகள், பழைய பதிவேடுகள் ஆகியவற்றின் பட்டியல் மன்றத்தில் உண்டா? யார் பொறுப்பில் உள்ளது?

2. அவற்றுள் இந்த ஆண்டு பழுதுபார்க்காவிடில் அடுத்த மழையைத் தாங்காதது எது?

3. பழைய வீட்டை அல்லது மண்டபத்தை வைத்திருப்பவருக்கு அதனால் நேரும் சுமை என்ன? அதில் ஊர் பகிர்ந்துகொள்ளக் கூடியது எவ்வளவு?

4. ஊரின் பழமையைக் காண வெளியூரார் வந்தால், அவ்வருமானம் யாரைச் சேரும்? உழவருக்கும் கைவினைஞருக்கும் அதில் பங்கு உண்டா?

5. அண்டை ஊர்களோடு சேர்ந்து செய்யத்தக்க வேலை எது?

கொலோன்ஜின் சிவந்த சுவர்கள் ஒரு காலத்தில் வண்டியில் ஏறிச் சென்றன. சென்றவை திரும்பி வரவில்லை. எஞ்சியவற்றைக் கொண்டே அவ்வூர் வாழ்கிறது. ஆதலின் பட்டியல் எழுதுவதைப் பின்னொரு கூட்டத்துக்கு ஒத்திவையாமல், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்துக்கொள்வது நன்று.